ஒற்றைச் சொல் வாக்குமூலம்

“எங்கப்பா எங்கம்மாவைக் கொன்னாரா இல்லையான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். உட்கார்ந்துவிட்டால் தைரியம் போய்விடும் என்று பயந்திருப்பாள் போல.

சல்லடை நிமிர்ந்து பார்த்தாள். சல்லடை என்பது பழைய போலீஸ் சகாக்கள் அவளுக்கு வைத்த பெயர். கைக்கு வந்த எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். உத்தியோகத்தை உதறிவிட்டு டயர்க்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டபோது பெயரும் கூடவே படியேறி வந்துவிட்டது. அவளுடைய உதவியாளர் ரீல், அவளைவிட மூத்தவர். நாடகக் கம்பெனியில் நகைச்சுவை நடிகராக இருந்து, கம்பெனி கலைந்ததும் இங்கே வந்து சேர்ந்தவர். அவர் விடும் கதைகளில் கால்வாசி நிஜம் என்பது பொதுவான கணிப்பு.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். ஈரத்தலை. குளோரின் வாசனை.

“நீச்சல் சொல்லித் தர்றீங்களா?” என்றாள் சல்லடை.

“ஆமா. எப்படித் தெரியும்?”

“மேடம் மோப்பத்துலயே ஜாதகம் சொல்லிடுவாங்க” என்றார் ரீல். “அதனாலதான் நான் ஆபீஸுக்கு வெங்காயம் சாப்பிட்டுட்டு வர்றதில்ல.”

அவள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கதையைச் சொன்னாள்.

அவளுடைய அப்பா லத்தீன் பேராசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு லத்தீன்–தமிழ் அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதவர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காணாமல் போய்விட்டாள். பால் புகட்டியது, தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது எல்லாம் அப்பாதான். அம்மாவின் அண்ணன் மரக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தாய்மாமா அன்றிலிருந்து இன்றுவரை பாடுவது ஒரே பாட்டு: ‘எந்தங்கச்சியை இவன்தான் தீர்த்துட்டான்.’ அப்பா அதற்குக் கோபப்பட்டதும் இல்லை, மறுத்துப் பேசியதும் இல்லை. அவளும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. போன மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

“சுஸ்துலி. தண்ணி வேணுமான்னா சுஸ்துலி. வலிக்குதான்னா சுஸ்துலி. மூளையில அடி விழுந்தா சில பேருக்கு இப்படி ஒரே வார்த்தை தங்கிடும்னு டாக்டர் சொல்றாரு. லத்தீன் மாதிரி இருக்கேன்னு மாமா யாரையோ விசாரிச்சுட்டு வந்தாரு.”

“என்ன அர்த்தமாம்?”

“‘ஒழிச்சுட்டேன்’னு அர்த்தமாம்.”

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நின்றது.

“அதுலேருந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போகலைக்கா. இந்த வாரம் டிஸ்சார்ஜ். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா, எங்கயாவது இல்லத்துல சேர்க்கறதான்னு நான் சொல்லணும். வீட்டுக்கு வந்தா நான்தான் ஊட்டணும். எங்கம்மாவைக் கொன்னவருக்கா ஊட்டறேன்னு தோணினா என் கை என்ன பண்ணும்னு எனக்கே தெரியலை.”

“மாமா போலீஸுக்குப் போகச் சொல்றாரா?”

“அதெல்லாம் வேணாம், மானம் போயிடும்கறாரு. நீ அவன் மூஞ்சில முழிக்காம இருந்தா போதும்கறாரு.”

சல்லடை அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் படம் கேட்டாள். போனில் ஒரு கல்யாணப் படம். மெலிந்த, துறுதுறுப்பான பெண்.

“கண்ணாடி உங்களுக்கு அம்மா வழியில வந்ததா?”

“நானும் ஒரு தடவை அப்பாகிட்ட கேட்டிருக்கேன். உங்கம்மாவுக்குக் கழுகுக் கண்ணு, தெருமுனையில வர்ற பஸ் நம்பரை வாசல்லேருந்தே படிப்பாம்பாரு.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே குற்றம் செய்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வார்டின் நர்ஸ், நாளெல்லாம் நின்றே பழகிப்போனவள். பேசும்போதும் நடந்துகொண்டே பேசினாள்.

“எப்பவும் அதே வார்த்தைதான். ஆனா கதவு திறந்தா மட்டும், சொல்லிட்டு இடது கையைத் தூக்குவாரு. தலைமாட்டை உயர்த்தச் சொல்றாருன்னு நினைச்சு நாங்களும் கட்டில் கைப்பிடியைச் சுத்திச் சுத்தி உயர்த்துவோம். உயர்த்தினா கண்ணுலேருந்து தண்ணி வரும். வலிக்குதோன்னு மறுபடி இறக்குவோம். பாவம், அவருக்கும் அலுத்திருக்கும், கட்டிலுக்கும் அலுத்திருக்கும்.”

கதவைத் தள்ளிக்கொண்டு சல்லடையும் ரீலும் உள்ளே போனார்கள். தலையணையில் வற்றிப்போன முகம் ஒன்று சட்டென்று திரும்பியது. சல்லடையைப் பார்த்தது. தான் எதிர்பார்த்தவள் இவள் இல்லை என்று தெரிந்துகொண்டது. அந்தக் கண்கள் அணைந்ததை சல்லடை பார்த்தாள்.

“சுஸ்துலி” என்றார் பேராசிரியர்.

இடது கை மெதுவாகக் கிளம்பியது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, படுக்கையிலிருந்து நெஞ்சுவரை வந்தது. முழங்கை மடங்கியது. அங்கேயே நின்றது.

வெளியே வந்ததும் ரீல் தாழ்ந்த குரலில் சொன்னார். “மேடம், மேடையில நான் எத்தனையோ கொலை பண்ணியிருக்கேன். பாதிக் கொலைக்கு ஜனங்க கைதட்டியிருக்காங்க. கொலைன்னா கை மேலேருந்து கீழே வரும். இவருக்குக் கீழேருந்து மேலே போகுது.”

வராந்தா பெஞ்சில் மரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, விலை உயர்ந்த செருப்பு, காவல்காரன் பார்வை.

“யாரு நீங்க?”

“அகராதி ஆபீஸ்” என்றார் ரீல், கண் இமைக்காமல். “நான் ‘அ’னா, மேடம் ‘ஆ’வன்னா. சாரைப் பார்த்துட்டுப் போக வந்தோம். பொண்ணு வரலையா?”

“எந்த மூஞ்சியோட வருவா?” பெருமூச்சு விட்டார் மரக்கடைக்காரர். “பாவம் அந்தப் பொண்ணு. நடை, பேச்சு, அந்தக் கண்ணாடியை ஒத்தை விரலால மூக்கு மேல தள்ளிவிடறது, எல்லாம் அப்படியே எந்தங்கச்சி. பார்க்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது.”

சல்லடை தலையாட்டினாள். அவள் ஒன்றும் பேசாமலிருந்தால் உள்ளே சல்லடை ஆடுகிறது என்று ரீலுக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் அவள் அந்தக் கையசைவைச் செய்து காட்டச் சொன்னாள். ரீல் காட்டினார். இன்னொரு தடவை என்றாள். காட்டினார். பக்கத்திலிருந்த பயணி ஒருவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணே.”

“உயிரை எடுக்காதீங்க மேடம். பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

சல்லடை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்னீங்க?”

“தப்பா ஒண்ணும் சொல்லலையே. உயிரை எடுக்காதீங்கன்னேன்.”

“உயிரை எடுப்போம். வேற என்னல்லாம் எடுப்போம்?”

“போட்டோ எடுப்போம். மார்க் எடுப்போம். எனக்கு அது மட்டும் பழக்கமில்ல. ஓட்டம் எடுப்போம், வாந்தி எடுப்போம், தத்து…”

ரீல் நிறுத்திவிட்டார். அவருடைய கை இன்னும் நெஞ்சருகே மடங்கியபடியே இருந்தது. அந்தக் கையின் அளவுக்கு ஒரு கைக்குழந்தை சரியாகப் பொருந்தும் என்று இப்போது அவருக்கே தெரிந்தது.

“இது நம்ம பாஷையில” என்றாள் சல்லடை. “அவங்க பாஷையில இப்படி உண்டான்னு கேட்கணும். வாங்க.”

அகராதி அலுவலகத்தில் இரண்டே மேசைகள். ஒன்று காலி. மற்றொன்றில், சட்டைக் கையெல்லாம் அழிரப்பர் தூளாக ஒரு வயதான அம்மாள். பேராசிரியரோடு ஆதிநாளிலிருந்தே அகராதி வேலை பார்த்தவர். ரீல் வாசலிலேயே அவருக்கு அகராதியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்.

பேராசிரியருக்குப் பக்கவாதம் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். பார்க்கப் போனபோது வராந்தாவிலேயே மரக்கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“சுஸ்துலின்னா என்னம்மா?” என்றாள் சல்லடை.

“அது இறந்தகாலம். ‘நான்’ங்கறது அதுக்குள்ளயே இருக்கு. மூலச்சொல் தொல்லோ.”

“நம்ம தொல்லை அங்கேருந்து வந்ததுதானோ?” என்றார் ரீல்.

“கிடையாது. ஆனா அந்தச் சொல்லோட நாங்க பட்ட பாட்டுக்கு அப்படியே வெச்சுக்கலாம்.” அகராதியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மொழியைப் பற்றிக் கேட்க ஆள் வந்தால் வருகிற உற்சாகம். “அடிப்படையா, தூக்கறது, எடுக்கறது. நங்கூரத்தைத் தூக்கினா இதுதான். கூட்டம் கூச்சல் போட்டா, கூச்சலைத் தூக்கினாங்கன்னு எழுதுவாங்க. சாப்பிட்டு முடிச்சு மேசையை அப்புறப்படுத்தினா அதுவும் இதேதான். அப்படியே ஆளை அப்புறப்படுத்தினாலும். தீர்த்துக்கட்டறதுக்கும் சரித்திரத்துல நிறைய இடத்துல இது வரும். ஒரு பெரிய பேச்சாளர் இருந்தாரு. ஒரு இளம் தலைவனைப் பத்தி, ‘அந்தப் பையனைப் புகழணும், கௌரவிக்கணும், தூக்கணும்’னாரு. தூக்கிவிடணும்னும் கேட்கும், தூக்கிடணும்னும் கேட்கும். சிலேடை. அது பையன் காதுக்கே போயிடுச்சு.”

“அப்புறம்?”

“பையன் கட்சிக்காரங்க கையில அதிகாரம் வந்தப்போ பேச்சாளரோட தலை போச்சு.”

ரீல் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். “சிலேடைக்கு இவ்வளவா? மேடம், நான் இன்னிலேருந்து நேராப் பேசறேன்.”

“இத்தனை அர்த்தத்துல எதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்றாள் சல்லடை.

“செயப்படுபொருளை வெச்சுதான். எதை? யாரை? அது தெரியாம வெறும் வினைச்சொல்லுக்கு அர்த்தம் சொன்னா, சொன்னவர் படிச்சவர் இல்ல.”

“யாரைங்கறதை உங்க பேராசிரியர் சொல்லிட்டுதாம்மா இருக்காரு. வாயால முடியலை.”

சல்லடை தன் இடது கையை நீட்டினாள். உள்ளங்கையைத் திருப்பினாள். கீழிருந்து எடுத்து நெஞ்சோடு மடக்கினாள்.

“கதவு திறக்கறப்பல்லாம் சுஸ்துலின்னு சொல்லிட்டு இப்படிப் பண்றாரு. அந்தக் கதவு வழியா வர வேண்டிய பொண்ணு வரலை. ‘ஒழிச்சுட்டேன்’னு யாரோ அர்த்தம் சொல்லிட்டாங்க.”

அகராதியம்மாவின் முகத்திலிருந்து உற்சாகமெல்லாம் வடிந்தது. பேராசிரியரின் காலி மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளையைத் தன்னோடதுன்னு ஏத்துக்கறதுக்கும் அதே சொல்தான்” என்றார். “அங்க பெத்தா மட்டும் போதாது. அப்பா எடுத்தாத்தான் பிள்ளை. எடுக்கலைன்னா வெளியில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. பொண்ணு பொறந்தா எடுக்காதேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போற புருஷன் பழைய நாடகத்துல வருவான்.”

“இவர் எடுத்தாரா?”

“ஒரு நாள் காலையில கைக்குழந்தையோட ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாரு. சட்டையெல்லாம் பால் கக்கி வெச்சிருந்தது. அவர் மனைவி வேற ஒருத்தரோட போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. வெளியில யாருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டுல இருக்கான்னு சொல்லி வெச்சிருந்தாங்க. யாரோட குழந்தைன்னு கேட்டேன். ‘சுஸ்துலி’ன்னாரு. எடுத்தேன். அவ்வளவுதான் சொன்னாரு. லத்தீன் படிச்ச ரெண்டு பேருக்கு அதுக்கு மேல பேச்சு தேவைப்படலை. மீதியை, இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதின அன்னிக்குத்தான் சொன்னாரு. அந்தம்மா வந்து ஹால் தரையில குழந்தையைக் கிடத்தினாளாம். ‘இது உங்களோடது இல்ல. வேணும்னா எடுங்க, வேணாம்னா ஏதாவது விடுதியில விட்டுடுங்க’ன்னுட்டு, வாசல்ல நின்ன வண்டியில ஏறிப் போயிட்டாளாம்.”

“இத்தனை வருஷம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“சத்தியம் வாங்கியிருந்தாரு. ‘வேணாம்னு தன்னைத் தரையில போட்டுட்டுப் போனாங்கன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அதுக்கு என்னைக் கொலைகாரன்னு நினைச்சாலும் பரவாயில்ல, அந்தப் பாரத்தை நான் சுமந்துப்பேன்’னாரு.” கையிலிருந்த அழிரப்பரை அவர் நசுக்கிக்கொண்டிருந்தார். “போய் அவளைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. சத்தியத்தை நான் மீறிட்டேன். பாவம் என்னோட போகட்டும்.”

சல்லடை நீச்சல் குளத்துக்குப் போன் செய்து, அந்தப் பெண்ணை உடனே ஆஸ்பத்திரிக்கு வரும்படி மட்டும் சொன்னாள். அவர்கள் வராந்தாவுக்கு வந்தபோது அவள் முந்திக்கொண்டு வந்து நின்றிருந்தாள். தலை துவட்டாமலே ஓடிவந்திருக்கிறாள். தோளெல்லாம் ஈரம். மரக்கடைக்காரர் அவளிடம் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார்.

சல்லடை நேரே அவரிடம் போனாள்.

“உங்க தங்கச்சி எந்த ஊர்லங்க செத்தாங்க?”

“என்ன உளர்றீங்க? அவளைக் கொன்னது…”

“கண்ணாடியை ஒத்தை விரலால தள்ளிவிடுவாங்கன்னு சொன்னீங்க. காணாமப்போறவரைக்கும் அவங்க கண்ணாடி போட்டதே இல்ல. வாசல்லேருந்து பஸ் நம்பர் படிச்ச கண்ணு அது. அப்போ கண்ணாடியோட அவங்களை நீங்க எங்க பார்த்தீங்க? கொலை கொலைன்னு இத்தனை வருஷம் சொல்லியிருக்கீங்க, ஒரு தடவைகூடப் போலீஸுக்குப் போகலை. போயிருந்தா அவங்க தேடியிருப்பாங்க. தேடியிருந்தா உங்க தங்கச்சி உயிரோட கிடைச்சிருப்பாங்க.”

மரக்கடைக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாகும் என்று ரீலுக்கு வியப்பாக இருந்தது.

“ஓடிப்போனவ அண்ணன்னா கடைத்தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?” என்றார் தரையைப் பார்த்து. “செத்தவ அண்ணன்னா உட்கார வெச்சு ஆறுதல் சொல்வாங்க. ஒரு நாள் வாய் தவறிச் சொன்னேன். அப்புறம் விழுங்க முடியலை. அவ வேற ஊர்ல இருந்தா. அந்த ஆளும் விட்டுட்டுப் போயிட்டான். சர்க்கரை வந்து கண்ணு கெட்டுப்போச்சு. நான் போய்ப் பார்த்துட்டு வருவேன். இவ சின்ன வகுப்பு படிக்கறப்பவே போய்ச் சேர்ந்துட்டா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள் அந்தப் பெண். அவள் குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது.

“முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். அவர் அழுதாரு. நான் அழலை.” அவர் இப்போது அழுதார். “அவருக்கு உடம்பு சரியில்லாமப் போக ஆரம்பிச்சதும் போன் பண்ணாரு. ‘நான் போனப்புறம் நீ சொல்ற பொய் மட்டும் பிள்ளைகிட்ட மிஞ்சிடும், நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்’னாரு. சொல்றதுக்குள்ள விழுந்துட்டாரு. அந்த ஒரு வார்த்தை மட்டும் நின்னுபோச்சு. உன்னைப் பார்த்துப் பார்த்து அதையே சொல்றாரு. என்னன்னு உனக்குப் புரிஞ்சுட்டா? பயந்துட்டேம்மா. லத்தீன்காரர் நாலு அர்த்தம் சொன்னாரு. நான் உன்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன்.”

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மத்த மூணு என்ன மாமா?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சல்லடைதான் சொன்னாள். “‘எடுத்தேன்’னு அர்த்தம்மா. ‘என் பிள்ளைன்னு எடுத்தேன்’னு. உங்கம்மா உன்னைத் தரையில போட்டுட்டுப் போனாங்க. அவர் எடுத்தாரு.”

“அப்போ நான் அவருக்கு…” அவள் முடிக்கவில்லை. கதவை நோக்கி ஓடினாள்.

நர்ஸ் குறுக்கே வந்துவிட்டாள். “மெதுவா, மெதுவா. உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்றது? மத்தியானம் மறுபடியும் ஒரு அட்டாக் வந்துடுச்சும்மா. மூச்சு மட்டும் இருக்கு. கண்ணைத் திறக்கலை. அந்த வார்த்தையும் நின்னுபோச்சு.”

பின்னாலிருந்து மரக்கடைக்காரர் கேட்டார்: “இனிமே என்னை மாமான்னு கூப்பிடுவியா?”

அவள் திரும்பினாள். “கூப்பிடுவேன். வேற யாரு இருக்காங்க எனக்கு? ஆனா இன்னிக்கு எழுந்து போயிடுங்க மாமா.”

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். மன்னிப்பு கேட்கவில்லை. வராமலிருந்த நாட்களின் கதையைச் சொன்னாள். தண்ணீருக்கு அலறிய ஒரு வாண்டு இன்று முதல்முதலாகத் தலையை முக்கியது, குளத்து மோட்டார் கெட்டுப்போனது, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுவது, அதைச் சரிசெய்யத் திருப்புளியை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று தேடித் தேடிக் கிடைக்காதது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிப்பது போல. “எங்க வெச்சிருக்கீங்கப்பா? சொல்லுங்கப்பா, எங்க வெச்சிருக்கீங்க?” அந்த முகம் திரும்பவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. நர்ஸ் எல்லோரையும் கிளப்பினாள். அந்தக் கட்டில் பக்கம் மட்டும் போகவில்லை.

மறுநாள் முற்பகல் சல்லடையின் போன் அடித்தது. அந்தப் பெண்தான். ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாளாம். தொண்டை கட்டிவிட்டதென்று டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் அப்பா போய்விட்டார்.

“டாக்டர்கிட்ட கேட்டேன்க்கா. சொல்ல முடியாதுங்கறாரு. நீங்க சொல்லுங்க. நான் பேசினதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்குமா?”

சல்லடை போனை மறு காதுக்கு மாற்றினாள். எதிரே ரீல் கையில் பிடித்த டம்ளரைக் கீழே வைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டிருக்கும்மா.”

“நிஜமாவா?”

“நிஜமா” என்றாள் சல்லடை. போலீஸிலும் சரி, டயர்க்கடை மாடியிலும் சரி, கையில் ஆதாரமில்லாத ஒன்றை அவள் நிஜம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.